அந்த மளிகைச் செயின் உங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை?

எங்கள் நகரத்தில் ஒன்றரை லட்சம் பேர் இருக்கிறோம், வசதியானவர்களும் உண்டு. பல ஊர்களில் கிளை வைத்து அரிய சரக்குகளை விற்கும் ஸ்பெஷல் மளிகைச் செயின் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லையே?

அவர்கள் ஊரின் தலைகளை எண்ணுவதில்லை, வாராவாரம் வரக்கூடிய தலைகளை எண்ணுகிறார்கள். அரிசி பருப்புக்கு ஊரே வாடிக்கையாளர். மூன்று மாதம் முதிரவைத்த பாலாடைக்கட்டிக்கு ஊரில் ஒரு சிறு பங்குதான், அந்தப் பங்கிலும் மாதம் ஒருமுறை வருகிறவர்களை வைத்துக் கடை நடத்த முடியாது. ஜெர்மன் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு பண்டம் விற்றுத் தாக்குப்பிடிக்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும், அதை வாங்க மக்கள் இவ்வளவு தூரம்தான் வருவார்கள், அந்தத் தூரத்துக்குள் அத்தனை பேர் சேராவிட்டால் கடை நிற்காது. அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் என்ற மளிகைச் செயின் இடம் தேடும்போது வெளிப்படையாகக் கேட்டது, 20 நிமிடக் கார் பயணத்துக்குள் 2 லட்சம் பேர், அதில் கல்லூரி முடித்தவர்கள் நிறைய. ஊர் எல்லையைப் பற்றி அதில் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்களைவிடச் சின்ன ஊரில் திறந்திருக்கிறார்களே, அது எப்படி?

லாரி போகிற வழியில் இருக்கும்! அல்லது அங்கே பல்கலைக்கழகம் இருக்கும். என்னைக் கேட்டால் முதல் காரணம்தான் பெரிது. விடியற்காலையில் கடையின் பின்வாசலில் வந்து நிற்கும் குளிர்சாதன லாரியை நினைத்துப் பாருங்கள், கதவைத் திறந்தால் பாதி காலி, ஆனால் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் முழு லாரிக்கானவை. மளிகையில் நிகர லாபமே நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒற்றைக் கடைக்காக நாலு மணி நேரம் ஓடினால் அது வழியிலேயே கரைந்துவிடும். சாம் வால்டன் தன் அமெரிக்கக் கடைச் செயினான வால்மார்ட்டைச் சின்ன ஊர்களிலேயே வளர்த்தார், சரிதான், ஆனால் கிடங்கிலிருந்து ஒரு நாளில் லாரி எட்டும் தூரத்துக்குள் கடைகளை நெருக்கமாக வைத்துத்தான் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்தார். உங்கள் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் சேர்த்து வருவார்கள், உங்களுக்கு மட்டும் வரமாட்டார்கள்.

கையெழுத்து வாங்கி அனுப்பினால் பலன் உண்டா?

பெரிதாக இல்லை. ட்ரேடர் ஜோஸ் என்ற அமெரிக்க மளிகைச் செயின் தன் இணையதளத்திலேயே கடை கேட்டு விண்ணப்பிக்கப் படிவம் வைத்திருக்கிறது, அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர் எத்தனை தடவை வாங்க வருவார் என்று அந்தத் தாள் சொல்லாது.

திறந்த மாதம் கூட்டம் அலைமோதியது, அப்புறம் மூடிவிட்டார்கள். நாங்கள் ஆதரிக்கவில்லையா?

உங்களைக் குறை சொல்லாதீர்கள். முதல் மாதக் கூட்டம் பார்க்க வந்த கூட்டம். அது வடிந்ததும் அலமாரியில் தேதி தாண்டியவை குவியும், குவியாமலிருக்கக் குறைத்து வாங்கினால் அலமாரி வெறிச்சோடும், வெறிச்சோடிய அலமாரியைப் பார்த்தவர் மறுபடி வரமாட்டார். இப்போதைக்கு ஒன்று செய்யலாம்: இருக்கிற மளிகைக்காரரிடம் போய், நீங்கள் நிச்சயமாக வாராவாரம் வாங்கப்போகிற ஒரே ஒரு சரக்கின் பெயரைச் சொல்லுங்கள், இன்னும் நாலு பேரைச் சொல்ல வையுங்கள். ஒரு பெட்டி தீரும் என்று தெரிந்தால் அவர் வரவழைத்துவிடுவார்.