கோடு ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிவு: பணம் கட்டும் முன் பலகையைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். 4க்கு 8 அடி சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்குவது), மானியக் கடனில் வாங்கியது. பூஜையறைக் கதவில் கோலக் கோடு போட்டால் இடது பக்கம் தடிப்பாகவும் வலது பக்கம் மெலிந்தும் வருகிறது. சில இடத்தில் கோடே விழவில்லை. மெஷின் விற்றவருடைய ஆள் வந்து பார்த்துவிட்டு, பால் ஸ்க்ரூ (மெஷினை நகர்த்தும் திருகுத் தண்டு) தேய்ந்துவிட்டது, கன்ட்ரோல் போர்டும் மாற்ற வேண்டும், 65,000 ரூபாய் ஆகும், பாதியை முன்பணமாகக் கொடுங்கள் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளம் பால் ஸ்க்ரூவுக்கும் போர்டுக்கும் பொருந்தவே இல்லை. நீளத்துக்கோ அகலத்துக்கோ நகர்த்தும் ஸ்க்ரூவோ போர்டோ கெட்டால் கோடு இடம் மாறும், வட்டம் முட்டையாகும், தொடங்கிய இடத்தில் வந்து சேராது. உங்கள் கோடு போக வேண்டிய இடத்தில்தான் போகிறது, அகலம்தான் மாறுகிறது. அகலம் மாறினால் ஆழம் மாறுகிறது என்று அர்த்தம்.

கோலக் கோட்டுக்கு நீங்கள் போடுவது வி-பிட், அதாவது V வடிவ வெட்டு முனை. அதன் நுனி கூர், மேலே போகப் போக அகலம். 90 டிகிரி பிட் என்றால் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் விழும். ஒன்றரை மில்லி ஆழம் இறங்கினால் 3 மில்லி கோடு. அதே பலகையில் ஓரிடம் அரை மில்லி பள்ளமாக இருந்தால் அங்கே 2 மில்லிதான் வரும். அரை மில்லி என்பது ஜெராக்ஸ் பேப்பர் ஐந்தை அடுக்கின கனம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளம் கோட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பள்ளம் ஒன்றரை மில்லியைத் தொட்டால் கோடே கிடையாது.

இப்போது பள்ளம் பெட்டில் (பலகையைப் படுக்க வைக்கும் மேடையில்) இருக்கிறதா, பலகையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேலைக்கு உதவாத நீளப் பலகை ஒன்றை எடுத்து பெட்டில் இறுக்கி, நீளவாக்கில் ஒரே ஒரு நேர்கோடு போடுங்கள். பிறகு பலகையின் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கள். மேல்முகம் மேலேயே இருக்கட்டும். பெட்டில் முதலில் ஜீரோ (மெஷின் அளவெடுக்கத் தொடங்கும் புள்ளி) வைத்த அதே மூலையில் மறுபடி ஜீரோ வைத்து, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள். மெலிவு மெஷினின் அதே முனையில் நின்றால் குற்றம் பெட்டில். பலகையோடு சேர்ந்து மறு முனைக்குப் போய்விட்டால் குற்றம் பலகையில். இரண்டு முனையும் குழம்பி வந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

பெட்டில் என்றால் வைத்தியம் சுலபம். பெட்டின் மேல் 18 மில்லி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைத் திருகி, திருகுத் தலைகள் நன்றாக உள்ளே இறங்கும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் பிட் போய்விடும். மேலே பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். ஒரு இன்ச் தட்டை பிட்டை மாட்டி, அரை அரை மில்லியாக முழுப் பரப்பையும் மெஷினை விட்டே சீவ விடுங்கள். பென்சில் மிச்சம் இருக்கிற இடம்தான் பள்ளம். கடைசிக் கிறுக்கலும் மறையும்வரை சீவ வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடும் பாதைக்கு பெட் இணையாக இருந்தால் போதும். ஆனால் மெஷினின் கால்கள் நான்கும் தரையில் சமமாக அழுந்தியிருக்கிறதா என்று சீவுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நம் பக்கத்துக்கு அது முக்கியம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் மேற்கே திறந்து கிடக்கும் பட்டறையில் எந்த மட்டமும் நிலைக்காது. காலையில் இழைத்துச் சமமாக வைத்த பலகை சாயங்காலம் வளைந்து நிற்கும். ஈரக் காற்று படுகிற முகம் உப்பும், கீழே மறைந்த முகம் அப்படியே இருக்கும். நீங்கள் சீவி வைத்த எம்டிஎஃப்பும் ஈரம் குடித்து ஊதும், அதனால் சாரல் முடிந்ததும் இன்னொரு தரம் சீவ வேண்டியிருக்கும். போதாததற்குச் செங்கோட்டை டிப்போவில் 'நல்லாக் காஞ்ச தேக்கு அண்ணாச்சி' என்று சொல்லி, அறுத்து மூன்று மாதம்கூட ஆகாத பலகையைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் இன்ச் பலகை காற்றில் உலர ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும் என்பது பழைய கணக்கு. ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு டிப்போவுக்குப் போங்கள். அதைக் கண்டதுமே சிலர் பேச்சின் சுருதி மாறும். 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கதவுக்கு எடுக்காதீர்கள். காய்ந்த மரமே ஆனாலும், ஆழமாகச் செதுக்கும்போது ஒரு முகத்தை மட்டும் குடைகிறோம், பலகை அந்தப் பக்கம் இழுக்கும். அதனால் முதலில் மேலோட்டமாகக் குடைந்து, இரண்டு நாள் காற்றோட்டமாக நிறுத்தி வைத்து, மறுபடி பெட்டில் இறுக்கி, ஜீரோ வைத்து, கடைசி வெட்டைப் போடுங்கள். 'ஆர்டர் அவசரம்' என்றால் வளைந்த கதவைத்தான் கொடுக்க முடியும்.

பிட் நுனி மழுங்கியிருக்கிறதா, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்குள் தூசி அடைத்துப் பிட் வழுக்குகிறதா என்பதையும் பாருங்கள். வேலை போகப் போக ஆழம் மாறிக்கொண்டே வந்தால் அது காரணமாக இருக்கலாம். 60 டிகிரி பிட்டுக்கு மாறினால் அரை மில்லிப் பள்ளத்துக்குக் கோட்டின் அகலத்தில் ஒரு மில்லி அடிபடாமல் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் அடிபடும். ஆறுதல்தான், வைத்தியம் இல்லை.

அந்த பால் ஸ்க்ரூவுக்கு வருவோம். மெஷினின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நீளத்துக்குப் பல் வைத்த பட்டை தெரிந்தால் அது ராக் பினியன். 4க்கு 8 மெஷின்களில் பெரும்பாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் அதுதான் இருக்கும், ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் இடத்தில் மட்டும் பால் ஸ்க்ரூ. அப்படியிருக்க எந்த பால் ஸ்க்ரூவை மாற்றப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ தேய்ந்திருந்தால் பெட்டில் எங்கே போட்டாலும் ஆழம் தடுமாறும், இடது தடிப்பு வலது மெலிவு என்று பக்கம் பார்த்து வராது. எது எப்படியோ, கழற்றுகிற பழைய சாமானை உங்களிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப் பேருக்கு ரிப்பேர் தேவையில்லாமல் போய்விடும்.

'பத்தாயிரம் டிசைன் இலவசம்' என்று பென்டிரைவில் கொடுப்பார்களே, அதையும் நம்பாதீர்கள். அதில் பல ஃபைல்களில் ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை இருக்கும். மெஷின் இரண்டு தடவை ஓடும், கோடு கொஞ்சம் தடிக்கும், நீங்கள் மெஷினைத் திட்டுவீர்கள்.

மானியக் கடன் என்றீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்றால் கிராமத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம் மானியம், சிறப்புப் பிரிவினருக்கு 35. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இருந்தும் நடுவில் ஒரு புரோக்கர் வந்து உட்கார்ந்து, கொட்டேஷனை ஏற்றி, தனக்கு வேண்டிய கடையில்தான் மெஷின் என்று முடித்துவிடுகிறார். சரிபார்க்க வருகிறவர்கள் மெஷினோடு உங்களை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெட் சமமா, வேலை சொல்லிக் கொடுத்தார்களா, பழுதானால் யார் வருவார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. இத்தனை லட்சம் மக்கள் பணம் போகிற இடத்தில் இதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இரண்டு கோட்டையும் இன்றே போட்டுப் பாருங்கள். பெட்டைச் சீவி, பலகையையும் இழைத்த பிறகும் மெலிவு அதே இடத்தில் நின்றால், ஸ்பிண்டில் ஓடும் தண்டவாளமே வளைந்திருக்கலாம். அப்போது வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். விற்ற கடையின் ஆள் வேண்டாம்.