கரண்ட் வேலைக்கு ஆள் பிடிக்குமுன்: வாசகர் கேள்விகள்

வயரிங் செய்ய வந்த பாஸ் (தொழிலாளி) என்.வீ.கியூ சான்றிதழின் போட்டோ பிரதியைக் காட்டினார். அதுதானே லைசன்ஸ்? (ஹட்டன்)

இல்லை. என்.வீ.கியூ என்பது தேசியத் தொழிற் தகைமை, படித்ததற்கான சான்று மட்டும். அனுமதிப்பத்திரம் தருவது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, அதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது என்.வீ.கியூ மூன்றாம் மட்டம் வேண்டும். இரண்டின் மூலப்பிரதியையும் கேட்டு வாங்கி, பெயரை அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். எந்தத் தொழிலுக்கான சான்றிதழ் என்றும் வாசியுங்கள். குழாய் வேலைக்கு எடுத்ததைக் காட்டி வயரிங்குக்கு வருபவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மின்சார சபையில் லைன் வேலை. அவரே செய்தால் போதாதா? (பண்டாரவளை)

போதாது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை ஒரு தொழில், மீட்டருக்கு இப்பால் வேறு தொழில். அண்ணனிடமும் அதே காகிதங்களைக் கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

டொரண்டோவில் இருக்கும் சித்தி, ஆளின் பழைய பேர்மிட்டுகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறா. இங்கே எங்கே தேடுவது? (கொட்டகலை)

சித்தி சொல்வது அவவின் ஊருக்குச் சரி. ஒன்டாரியோவில் மின் ஒப்பந்தக்காரருக்கு லைசன்ஸ் இலக்கம் உண்டு, வேலையை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவும் வேண்டும். அதனால் தேட ஒரு பதிவு கிடைக்கும். இங்கே வீட்டு வயரிங் ஒவ்வொன்றுக்கும் அப்படிப் பேர்மிட் எடுக்கும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக, அவர் கடைசியாகச் செய்த இரண்டு மூன்று வீடுகளின் டெஸ்ட் ரிப்போர்ட்டை, அதாவது வயரிங்கைச் சோதித்த அளவுகள் எழுதிய தாளைக் கேளுங்கள். வீட்டுக்காரரிடமும் நேரில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

7 பேர்ச் காணியில் புது வீடு. டெஸ்ட் ரிப்போர்ட்டையும் பாஸே எடுத்துத் தருகிறாராம், இன்ஜினியர் வரத் தேவையில்லையாம். கொஞ்சம் காசுதான் கூட. கொடுக்கலாமா? (தலவாக்கலை)

கொடுக்காதீர்கள். இதை எத்தனை தடவை எழுதுவது? புது இணைப்புக்குப் பட்டயப் பொறியியலாளரின் ரிப்போர்ட்டை மின்சார சபை கேட்பது, வீட்டைக் கட்டாத, வயர் இழுக்காத ஒருவர் வந்து பார்க்கட்டும் என்றுதான். வயர் இழுத்தவரே கையெழுத்தையும் வாங்கி வந்தால் அந்தத் தாளில் இருப்பது மை மட்டும். இன்சுலேஷன் இத்தனை மெகாஓம், எர்த் இத்தனை ஓம் என்று அழகாக நிரப்பியிருக்கும். இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெகரை உங்கள் வீட்டு வாசலில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

நம் மலையில் இது இன்னும் மோசம். எர்த்துக்காக மண்ணில் அடிக்கும் செம்புக் கூர் இரண்டடி இறங்கியதும் பாறையில் முட்டும். ஒழுங்கான ஆள் இடம் மாற்றி அடிப்பார், அல்லது இன்னொரு கூர் அடித்து இரண்டையும் இணைப்பார். மற்றவர் மிச்சத்தை ஹெக்சோ பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு, மேலே சீமெந்து பூசிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டடி செம்புக் கூர் துண்டு கிடந்தால் விஷயம் விளங்கிவிடும். எர்த்தின் தடை 10 ஓமுக்குக் கீழே வந்தால் எனக்கு நிம்மதி. 200 ஓமைத் தாண்டினால், ஈரம் குறையும் காலத்தில் அதை நம்ப முடியாது. ஏப்ரல், ஒக்டோபர் இடி மின்னல் காலத்தில் உங்கள் வீட்டுக்கு அந்தக் கூர் எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொறியியலாளர் வரும்போது வீட்டில் நில்லுங்கள். மெகர் 500 வோல்ட்டில் சுழன்று 1 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஆம்பியர் கசிவில் விழ வேண்டும். அளவுகளை உங்கள் கண்முன்னே எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் கடைசிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வயரிங் செய்ய எவ்வளவு முடியும்? உடனே பதில் வேண்டும். (பதுளை)

எத்தனை அறை, எத்தனை பாயிண்ட், ஹீட்டர் உண்டா, ஒன்றும் இல்லை. எருமையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு விலை பேசுகிறார் இவர். பாயிண்டுகளை எண்ணி எழுதி, மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எர்த்தும் டெஸ்டும் அந்த விலைக்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

12 அறை விடுதி கட்டுகிறோம். ஒப்பந்தக்காரர் சீடாவில் பதிவு உள்ளவர். அப்புறம் என்ன பார்க்க? (நுவரெலியா)

எந்தப் பிரிவில் என்று பார்க்க வேண்டும். சீடா எனும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை மின், இயந்திர வேலைகளைத் தனியாக ஈ.எம் என்று தரப்படுத்துகிறது, ஈ.எம் 1 மேலானது. கட்டட வேலைக்கான பதிவைக் காட்டி மின் வேலைக்கும் போதும் என்பார்கள், விடாதீர்கள். பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். கடைசிக் காசு டெஸ்டுக்குப் பிறகுதான் என்பது விடுதிக்கும் சேர்த்துத்தான்.

மழை பெய்தால் ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தது. பாஸ் ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிட்டார். இப்போது ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல ஆள்தானே? (மஸ்கெலியா)

பிரச்சினை இருக்கிறது தம்பி, அதைக் காட்டுவதைத்தான் கழற்றிவிட்டார். இன்றைக்கே வேறு ஆளைப் பிடித்து ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் போடுங்கள். வெளி பல்ப் ஹோல்டர், குளியலறை ஹீட்டர், தகரத்தில் உரசும் வயர் மூன்றிலும் ஈரம் தேடச் சொல்லுங்கள். அதுவரை ஹீட்டரைத் தொட வேண்டாம்.