மதுரை ஓடுபாதையும் குறைத்த த்ரஸ்ட்டும்: கேள்வி பதில்

அவனியாபுரம் வாசகர்: சார், எஞ்சினை முழுசா முறுக்காமலே விமானத்தைக் கிளப்புறாங்களாமே. அப்போ குறைஞ்ச வேகத்துலயே எழும்பிடுமா?

எழும்பாது. எழும்பும் வேகத்தை முடிவு செய்வது எடையும் ஃபிளாப்பும்தான் (இறக்கையின் பின்புறம் இறக்கிவிடும் பலகைகள்). த்ரஸ்ட், அதாவது எஞ்சின் தள்ளும் விசை, குறைந்தால் அந்த வேகத்தைத் தொட நீண்ட தூரம் ஓட வேண்டும், அவ்வளவே. சிறு மாற்றம் உண்டு. மூக்கைத் தூக்கியதிலிருந்து 35 அடி உயரம் வரை கூடும் வேகம் குறைவு என்பதால் விஆர் (மூக்கைத் தூக்கும் வேகம்) ஓரிரு நாட் ஏறும்; நாட் என்பது விமான வேகத்தின் அலகு. வி2 (ஒரு எஞ்சின் நின்றாலும் பாதுகாப்பாக மேலேறும் வேகம்) அப்படியே நிற்கும், அல்லது ஒரு நாட் இறங்கும். ஒரு எஞ்சின் நின்றபின் தொடர்ந்து ஓட இடம் கூடுதலாகத் தேவை என்பதால் வி1-ம் (ஓட்டத்தை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் வேகம்) சற்று ஏறும்.

திருமங்கலம் வாசகர்: வெயில் 28 டிகிரி, கம்ப்யூட்டர்ல 50னு போடுறாங்க. பொய்க்கணக்கு ஆபத்தில்லையா?

இந்தப் பொய் நம் பக்கம் நிற்கும் பொய். வெயில் கூடினால் எஞ்சின் தரக்கூடிய த்ரஸ்ட் குறையும்; 50 என்று போட்டால் கம்ப்யூட்டர் த்ரஸ்ட்டை 50 டிகிரி அளவுக்கு இறக்கும். ஆனால் உண்மைக் காற்று 28 டிகிரியில் அடர்த்தியானது. வேகமானி 140 நாட் காட்டும்போது, 50 டிகிரியில் காற்றினூடே உண்மை வேகம் சுமார் 149. 28-ல் சுமார் 144. ஆகவே கணக்கில் வந்த தூரத்தைவிடக் குறைவாகவே ஓடும். குறைப்புக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு.

மேலூர் வாசகர்: மே மாச மதியம் நம்ம ஊர்ல?

ஓடுபாதை சுமார் 7,500 அடி. பல எஞ்சின்களில் 30 டிகிரியை ஒட்டி முழு த்ரஸ்ட்டே தானாக இறங்கத் தொடங்கும். வெளியே 40, கணக்கு அனுமதிக்கும் பொய் வெப்பநிலை 46 என்றால் மிச்சம் ஆறே டிகிரி. எடை கூடினால் அதுவும் போய்விடும்; முழு த்ரஸ்ட்தான்.

மழையில்? பாதை வெறும் ஈரம் என்றால், அதைக் கணக்கில் சேர்த்துக் குறைக்கலாம். தண்ணீர் தேங்கியிருந்தால் இந்த முறை கூடாது. காற்று திடீரெனத் திசை மாறும் அறிகுறி இருந்தாலும் முழு த்ரஸ்ட்டே தர வேண்டும்.

எரிபொருள் மிச்சமா? இல்லை. எஞ்சின் சூடு குறையும், ஆயுள் கூடும்.

திருப்பரங்குன்றம் வாசகர்: எங்கே தப்பு நடக்கும்?

கம்ப்யூட்டரில் எடையை அடிப்பதில். 2009 மார்ச்சில் மெல்போர்னில் ஒரு ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு 362.9 டன்னுக்குப் பதில் 262.9 என்று ஏறியது. த்ரஸ்ட்டும் குறைவு, வேகங்களும் குறைவு. வால் தரையில் உரசி, ஓடுபாதை முடிவைத் தாண்டித்தான் எழும்பியது. லோட் ஷீட்டில் (விமானத்தின் எடைக் கணக்குத் தாள்) உள்ள எடையை இரு விமானிகளும் தனித்தனியே அடித்து ஒப்பிடுவது இதற்காகத்தான்.

ஓட்டத்தின் நடுவே முழு த்ரஸ்ட் தரலாமா? வெப்பநிலை ஏற்றிக் குறைத்திருந்தால் தரலாம்; விஎம்சிஜி (தரையில் ஓடும்போது ஒரு எஞ்சின் நின்றாலும் விமானத்தை நேராக வைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம்) முழு த்ரஸ்ட்டுக்கே கணக்கிடப்பட்டிருக்கும். டீரேட் (எஞ்சினின் உச்ச த்ரஸ்ட்டையே ஒரு குறைந்த அளவாக நிர்ணயிக்கும் வேறு முறை) என்றால் விஎம்சிஜி-யும் குறைத்தே போடப்பட்டிருக்கும். ஒரு எஞ்சின் நின்ற நேரத்தில் மற்றதை முழு த்ரஸ்ட்டுக்குத் தள்ளினால், ரடர் (வாலில் உள்ள திசைத் திருப்பி) தாங்காமல் விமானம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.