ஓசிக்கு வாய் கிடையாதா?

கேள்வி: செய்தி, வீடியோ, மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணையதளங்கள் இலவசமாகத் தருகின்றன. அவர்கள் நாலு காசு பார்த்தால் மட்டும் குதிக்கிறோம். ஓசியில் அனுபவித்துவிட்டு 'அநியாயம்' என்று கூவுவது நியாயமா?

பதில்: விளம்பரம் தாராளமாகப் போடட்டும். பத்திரிகை நடத்திக்கொண்டு நான் அதைக் குறை சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். 1994இல் ஹாட்வயர்டு தளத்தில் பேனர் விளம்பரங்கள் வந்தபோது, பிடிக்காதவர்கள் கண்ணை நகர்த்திக்கொண்டார்கள். விவகாரம் அத்தோடு முடிந்தது.

இன்று பல தளங்களில் பக்கம் திறந்து முடிவதற்குள் விளம்பர இடம் விளம்பரக் கம்பெனிகளிடையே ஏலத்துக்குப் போய்விடுகிறது. கூடவே நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், என்ன போன் வைத்திருக்கிறீர்கள், எதைப் படிக்கிறீர்கள் என்ற விவரங்களும் போகின்றன. ஏலத்தில் தோற்றவர்கள் கைக்கும் அவை போய்ச் சேர்கின்றன. அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று யார் பார்த்தது? கேட்டால், 'ஏற்கிறேன் என்று அழுத்தினீர்களே' என்பார்கள் தளக்காரர்கள். அந்தப் பொத்தான் பளிச்சென்று முன்னால் நிற்கும். மறுக்கும் பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்குப் பெயர் சம்மதமாம்!

விக்கிப்பீடியா விளம்பரமே போடாமல் நன்கொடையில் ஓடுகிறது. அது காசு கேட்டுப் பக்கத்தை மறைப்பதும் எரிச்சல்தான். ஆனால் கேட்பதை முகத்துக்கு நேரே கேட்கிறது.

சரி, 'ஓசி' என்கிறீர்களே, காசு கட்டியவர் கதை தெரியுமா? அமேசான் பிரைமில் சேர ஓரிரு க்ளிக் போதும். விலக 4 பக்கம், 6 க்ளிக், 15 தெரிவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டது. அந்த வழிக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. ஆம், பல்லாண்டு நீண்ட டிராய் போரைப் பற்றிய அதே காவியம்தான். வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். தவறை ஒப்புக்கொள்ளாமலே 2025இல் 250 கோடி டாலர் தரச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இடையில் 2024இல், சந்தா கட்டிப் படம் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு அதே நிறுவனம் விளம்பரத்தையும் காட்டத் தொடங்கியது. வேண்டாமென்றால் மாதம் இன்னொரு 2.99 டாலர் கேட்டது. இவர்களையும் ஓசிக் கூட்டத்தில் சேர்ப்பீர்களா?