சக்கரம் கேளுங்கள்: ஜிஆர்86-க்கு +22 ஆஃப்செட் ஒத்து வருமா?

கேள்வி: அண்ணா, புதிதாக டொயோட்டா ஜிஆர்86 வாங்கியிருக்கிறேன். கம்பெனி ரிம் ஃபெண்டருக்குள் ஒடுங்கி நிற்கிறது, பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு கடையில் 18 அங்குலம், 9.5 அகலம், +22 ஆஃப்செட் ரிம் காட்டினார்கள். "பிசிடி 5×100தான், அப்படியே ஏறும்" என்கிறார்கள். காரை இறக்கவில்லை, ஸ்பிரிங் எல்லாம் கம்பெனியில் வந்தபடிதான். வாங்கலாமா?
– வாசகர், சிரம்பான்

பதில்: வேண்டாம் தம்பி. ஏறும் என்று அவர்கள் சொன்னது உண்மைதான். பிசிடி என்பது போல்ட்டின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும். அது ஒத்துப்போவதால் ஐந்து போல்ட்டும் ஐந்து துளையில் போய் உட்காரும். ஏறிய பிறகு டயர் எங்கே வந்து நிற்கும் என்பதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காரில் சக்கரம் மாட்டும் குடமான ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் பிளஸ், உள்பக்கமாக இருந்தால் மைனஸ். அகலம் மாறாமல் இந்த எண் மட்டும் குறைந்தால், குறைந்த அளவுக்குச் சக்கரம் வெளியே வரும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அகலமும் கூடுகிறது. அதனால் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். உங்கள் கம்பெனி ரிம் 18 அங்குலம், 7.5 அகலம், +48. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே பாதி அகலம் 95.25. அதில் 48-ஐக் கழித்தால் 47.25. ஹப் முகத்திலிருந்து ரிம் வெளியே நீளும் தூரம் இது. 48-ஐக் கூட்டினால் 143.25, அது உள்ளே நீளும் தூரம். இதே கணக்கைக் கடையில் காட்டிய ரிம்முக்குப் போடுங்கள். பாதி அகலம் 120.65. வெளியே 98.65, உள்ளே 142.65.

பார்த்தீர்களா? உள்பக்கம் ஏறக்குறைய அசையவே இல்லை. கூடிய இரண்டு அங்குலமும் அப்படியே வெளியே போகிறது. 51 மில்லிமீட்டர்! இறக்காத காரில் டயர் ஃபெண்டரைத் தாண்டி நிற்கும். மழையில் பக்கவாட்டெல்லாம் சேறு அடிக்கும், நாலு பேர் ஏறிக் குழியில் விழுந்தால் ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சோதனையிலும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கேடு. எனக்கு அதைவிடக் கவலை ஸ்டீயரிங்மேல்தான். ஜிஆர்86-க்கு முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங்கிலிருந்து கீழ் பால் ஜாயிண்ட் வழியாக ஒரு கோடு இழுத்தால் அது தரையில் ஓரிடத்தைத் தொடும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் சுழல்வது அந்தக் கோட்டைச் சுற்றித்தான். அந்த இடத்துக்கும் டயர் தரையில் பதியும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனிக்காரர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். +48-லிருந்து +22-க்கு வந்தால் அது 26 மில்லிமீட்டர் மாறிவிடும். பிறகு லாரிகள் தடம் பதித்த இடது லேனில் போகும்போது கார் தானாகத் தடத்துக்குள் இழுக்கும். ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். பேரிங்குக்கும் சுமை கூடும். இந்தக் காரை வாங்குவதே அதன் ஸ்டீயரிங் கைக்குச் சொல்லும் சேதிக்காகத்தானே? அதைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது 18 அங்குலம், 8.5 அகலம், +45. கணக்கு போட்டால் வெளியே 15.7, உள்ளே 9.7 மில்லிமீட்டர் கூடும். ஒடுங்கல் போய்விடும், ஸ்டீயரிங் கணக்கு 3 மில்லிமீட்டர்தான் நகரும். டயர் 225/40 போடுங்கள். கம்பெனியின் 215/40-ஐவிட விட்டம் 8 மில்லிமீட்டர் கூடுதல், அதனால் தொந்தரவு வராது. 9.5 அகலம்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் +40 பக்கம் தேடலாம். ஆனால் அது சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து (கேம்பர்), ஃபெண்டர் விளிம்பை உருட்டி மடித்து, டிராக்கில் ஓட்டுகிறவர்களின் வேலை. இப்போது உங்களுக்கு அவசியமில்லை.

காசு கொடுக்குமுன் அளந்துவிடுங்கள். கார் சமதரையில் நிற்கட்டும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பக்கச்சுவருக்கும் உள்ள இடைவெளியை நான்கு சக்கரத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாக இருக்காது, அதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரல் விட்டு அளவு எடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். என் பட்டறையில் இந்த அளவு இல்லாமல் யாருக்கும் ரிம் ஆர்டர் போடமாட்டேன்.

இன்னொன்று. உங்கள் ஹப்பின் நடுவட்டம் 56.1 மில்லிமீட்டர். வெளி ரிம்கள், அதாவது கார் கம்பெனி அல்லாதவர்கள் செய்யும் ரிம்கள், பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்று 73 பக்கம் பெரிதாகத் துளை வைத்து வரும். இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங்கைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஹைவேயில் ஸ்டீயரிங் நடுங்கும், நீங்களும் பேலன்ஸிங் சரியில்லை என்று கடை கடையாக ஏறி இறங்குவீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மஸ்டா எம்எக்ஸ்-5, இப்போதைய மாடல். 17 அங்குலம், 7 அகலம், +45. புது ரிம் வாங்க வசதியில்லை. 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் +30 ஆகிவிடும் அல்லவா?
– வாசகி, ஈப்போ

பதில்: கணக்கு சரி தங்கச்சி, 45-இல் 15 போனால் 30தான். இடிப்பது போல்ட். வெறும் தட்டாக நடுவில் செருகும் ஸ்பேசர் 15 மில்லிமீட்டர் என்றால், போல்ட்டின் மரையில் அத்தனையும் ஸ்பேசருக்குள்ளேயே மறைந்துவிடும். உங்கள் போல்ட் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5. நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது முழுசாக ஏற வேண்டும். கையாலேயே சுற்றி எண்ணிப் பாருங்கள், எட்டு வராவிட்டால் அந்தக் காரை ரோட்டில் இறக்காதீர்கள். தனி போல்ட் பதித்து வரும் ஸ்பேசரிலும் 15 மெல்லியதுதான். பழைய போல்ட்டின் முனை அதைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், ரிம்மின் பின்புறத்தில் அதற்குப் பள்ளம் இல்லையென்றால் ரிம் சமமாக உட்காராது. ஒரு டன் சொச்சம்தான் இருக்கும் இலேசான கார் உங்களுடையது. சின்ன மாற்றமும் கைக்குத் தெரியும். கொஞ்சம் காசு சேர்த்து, சரியான ஆஃப்செட்டில் பழைய ரிம் ஒரு செட் தேடுங்கள். 4×100 பிசிடி என்பதால் நிறையக் கிடைக்கும். வளைவும் வெல்டிங் தழும்பும் இருக்கிறதா என்று மட்டும் பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ரிம்மின் உள்ளே ஜேடபிள்யூஎல், விஐஏ என்று பொறித்திருந்தால் அசல்தானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானியத் தரத்தின்படி தயாரிப்பாளரே சோதித்து இடும் முத்திரை. விஐஏ இருந்தால் வெளியிலுள்ள சோதனை அமைப்பு ஒன்றும் சரிபார்த்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். இரண்டும் ரிம்மின் வலுவைப் பற்றியவை, எந்த பிராண்ட் என்பதைப் பற்றியவை அல்ல. நகல் வார்ப்பவன் எழுத்தையும் சேர்த்து வார்த்துவிடுவான். பில் கேளுங்கள், எடை போட்டுப் பாருங்கள், ரிம்மில் பொறித்த சுமைத் தாங்கு எண் உங்கள் காருக்குப் போதுமா என்று பாருங்கள்.

கேள்வி: ஹோண்டா எஸ்2000-க்கு வெளி ரிம் மாட்டினேன். ஆஃப்செட் எல்லாம் சரி. ஆனால் நட் இரண்டு முறை லூஸாகிவிட்டது.
– வாசகர், கிள்ளான்

பதில்: பழைய ஹோண்டா நட்டையே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடனே கழற்றுங்கள். ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும், வெளி ரிம்மில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. உருண்டை நட் கூம்பில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும், இறுகியதுபோல் இருந்து தளரும். 12 மில்லிமீட்டர், 1.5 மரைக்குக் கூம்பு நட் ஒரு செட் வாங்குங்கள். மாட்டுமுன் ரிம்மின் துளைகளைப் பாருங்கள். ஓட்டையின் ஓரம் நசுங்கியோ நீள்வட்டமாகவோ ஆகியிருந்தால் அந்த ரிம் வேண்டாம், போல்ட்டையும் மாற்றிவிடுங்கள். நட்டைக் கையால் தொடங்கி, எதிரெதிராக இறுக்கி, டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர் வையுங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும், ரிம் ஆறிய பிறகு, இன்னொரு முறை ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.