பதில்: 70 மீட்டரில் அம்பு மேலும் கீழுமாகச் சிதறுகிறது

வில்வித்தைப் பயிற்சியில், 30 மீட்டரில் இலக்குப் பலகையின் நடு மஞ்சள் வட்டத்துக்குள் நிற்கும் அம்புகள் 70-இல் மேலும் கீழுமாகப் போகின்றன என்கிறீர்கள். சைட்டை (வில்லில் குறிபார்க்க மாட்டும் கருவியை) திருகிக்கொண்டே இருப்பதை முதலில் நிறுத்துங்கள். 30-இல் 5 செ.மீ. விலகவைக்கும் கோணம் 70-இல் கிட்டத்தட்ட 12 செ.மீ. தள்ளிவிடும். பிழை முன்பும் இருந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது.

நாணைச் சரியான அளவுக்கு இழுத்ததும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு தகடான கிளிக்கரை வில்லில் மாட்டியிருக்கிறீர்களா? நாணை இழுக்கும் நீளம் அரை அங்குலம் மாறினாலே அம்பின் வேகம் மாறி, உயரமும் மாறும். அடுத்த சந்தேகம் வில் பிடித்த கை மேல்தான். அம்பு எங்கே போகிறதென்று எட்டிப் பார்க்கும் அவசரத்தில் கை சரிந்துவிடும். பலகையில் குத்தும் சத்தம் கேட்கும்வரை இறக்காதீர்கள். யாரையாவது பக்கவாட்டில் நிறுத்தி வீடியோ எடுக்கச் சொல்லி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஆறாவது அம்புக்குள் தோள் நடுங்கினால், இழுக்கும் பாரம் குறைந்த லிம்புக்கு (வில்லின் வளையும் மேல், கீழ்ப் பகுதிகளுக்கு) மாறுங்கள். வீம்பு வேண்டாம்.