தினமும் எழுதினா கூகுள்ல மேல வருமா? வாசகர் கேள்விகளும் பதிலும்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல முக்காவாசி கன்டென்ட் பத்தி தான், அதுலயும் "எவ்ளோ எழுதணும், எத்தன நாளைக்கு ஒரு தடவ எழுதணும்"னு கணக்கு கேக்குறவங்க தான் ஜாஸ்தி. சரி, ஒவ்வொண்ணா பாத்துடலாம்.

சார், வாரத்துக்கு அஞ்சு ஆர்ட்டிகிள் விடாம போடுறேன். டிராஃபிக் இருந்த எடத்துலயே இருக்கு. இன்னும் அதிகமா போடணுமா?

வேணாம், மொதல்ல கொறைங்க. கூகுள் யாருக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறதில்ல. அடிக்கடி அப்டேட் ஆகுற சைட்டுக்கு கூகுள்பாட் (பேஜுங்கள படிக்க கூகுள் அனுப்புற ப்ரோக்ராம்) அடிக்கடி வந்து போகும், புது பேஜ் சீக்கிரம் அது கண்ணுல படும், அவ்ளோதான். வந்து பாக்குறது வேற, மேல தூக்கி வைக்கிறது வேற. புதுசா இருக்கிறதே ஒரு பலமா ஆகுறது நியூஸ், மேட்ச் ஸ்கோர், புது மாடல் ஃபோன் மாதிரி தேடல்களுக்கு தான். டை கட்டுறது எப்படின்னு தேடுறவருக்கு அத நீங்க நேத்து எழுதுனீங்களா அஞ்சு வருஷம் முன்னாடி எழுதுனீங்களான்னு எந்த கவலையும் இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2011ல தரமில்லாத பேஜுங்கள கீழ எறக்க கூகுள் கொண்டுவந்த பாண்டா அப்டேட் வந்தப்ப அடி வாங்குனதே இப்படி ஆர்ட்டிகிள கொட்டி குவிச்ச சைட்டுங்க தான். 2022 ஆகஸ்ட்ல ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட்னு ஒண்ணு விட்டாங்க, அப்ப கூகுளே வெளிப்படையா சொன்னது என்னன்னா, ஒரு சைட்ல உபயோகமில்லாத பேஜ் நெறைய கெடந்தா அதே சைட்ல இருக்கிற நல்ல பேஜும் சேந்து கீழ போகலாம்னு. 2024 மார்ச்ல அந்த சிஸ்டத்த மெயின் ரேங்கிங்குக்குள்ளயே கலந்துட்டாங்க. அப்படின்னா எண்ணிக்கைக்காக வெள்ளிக்கிழம அவசர அவசரமா எழுதுற அஞ்சாவது ஆர்ட்டிகிள் சும்மா இருக்கிறதோட நிக்காம, திங்கக்கிழம ஒழுங்கா எழுதுனதையும் இழுத்துட்டு போகலாம்.

அப்போ ரெகுலரா எழுதுறதுல பிரயோஜனமே இல்லையான்னா, இருக்கு. ஒவ்வொரு பேஜும் ஒரு புது கேள்விக்கு பதில் சொன்னா உங்க சைட் வர்ற தேடல்கள் கூடிட்டே போகும், பழைய பேஜ்லேர்ந்து புதுசுக்கு லிங்க் குடுத்து ஒரு டாபிக்க முழுசா கவர் பண்ணலாம். வாரத்துக்கு ஒண்ணு போதும். அதுவும் முடியலன்னா மாசத்துக்கு ரெண்டு.

ஒரு ஆர்ட்டிகிள் குறைஞ்சது 2000 வார்த்தை இருக்கணுமாமே?

அப்படி ஒரு ரூலே கெடையாது, கூகுளும் அத பல தடவ சொல்லியாச்சு. பதில் 300 வார்த்தையில முடிஞ்சா அங்கயே நிறுத்துங்க.

மேட்டர் மாத்தாம தேதிய மட்டும் புதுசாக்கினா ஏறும்னு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

செய்யாதீங்க. கூகுள் கன்டென்ட் எழுதுறவங்களுக்குன்னு போட்டிருக்கிற சுயபரிசோதனை கேள்விங்கள்லயே இது ஒரு கேள்வியா இருக்கு, "பெருசா எதுவும் மாறாம தேதிய மட்டும் மாத்துறீங்களா"ன்னு. சைட்மேப்ல (கூகுளுக்கு குடுக்குற பேஜ் பட்டியல்) இருக்கிற லாஸ்ட்மாட், அதாவது கடைசியா மாத்துன தேதியும் அப்படித்தான், அது எப்பவும் உண்மையா இருந்தா தான் கூகுள் அத கணக்குல எடுக்கும்.

அண்ணா, எங்க சைட்ல பழைய பேஜ் நெறைய இருக்கு, பாதிக்கு ஆளே வர்றதில்ல. எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு புதுசா ஆரம்பிக்கலாமா?

அவசரப்படாதீங்க தம்பி, ரேங்க் ஏத்துறதுக்கு இருக்கிறதுலயே லாபமான வேல இந்த பழைய பேஜ்ல தான் இருக்கு, புதுசு எழுதுற குஷியில யாரும் இந்த பக்கம் திரும்புறதே இல்ல.

சைட் வெச்சிருக்கிறவங்களுக்கு கூகுள் இலவசமா குடுக்குற சர்ச் கன்சோல்ல பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டுக்கு போங்க, 16 மாச டேட்டா கெடைக்கும். ஒரு பேஜ தேர்ந்தெடுத்துட்டு கீழ க்வெரீஸ், அதாவது ஆளுங்க தேடுன வார்த்தைங்கள பாருங்க. இம்ப்ரெஷன் (தேடல்ல எத்தன தடவ காட்டுச்சுங்கிறது) நெறைய, க்ளிக் கம்மி, ஆவரேஜ் பொசிஷன் 8லேர்ந்து 20க்குள்ள, இப்படி இருக்கிற வரி தான் நமக்கு வேணும். உதாரணத்துக்கு "வாஷிங் மெஷின் பராமரிப்பு டிப்ஸ்"னு ஒரு பேஜ் வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். க்வெரீஸ தொறந்தா "வாஷிங் மெஷின்ல தண்ணி வெளிய போகல"ன்னு தேடுறவங்களுக்கு அது பதினாலாவது எடத்துல காட்டிட்டு இருக்கு. பேஜ்ல அத பத்தி இருக்கிறது ஒரே வரி, "டிரெயின் பைப்ப அடிக்கடி செக் பண்ணவும்". தண்ணி தேங்கி நிக்கிற மெஷின் முன்னாடி நிக்கிறவருக்கு அந்த வரி எதுக்கு ஆகும்? அங்க போய் தனியா ஒரு தலைப்பு போட்டு, மொதல்ல பைப் மடங்கியிருக்கான்னு பாருங்க, ஃப்ரண்ட் லோடா இருந்தா பெரும்பாலும் கீழ முன்பக்கம் சின்ன மூடிக்குள்ள ஃபில்டர் இருக்கும், கரண்ட் ப்ளக்க கழட்டிட்டு அடியில ஒரு தட்டு வெச்சுட்டு தொறங்க, காசு ஹேர்பின்னு எல்லாம் வந்து விழும், அதுவும் இல்லன்னா பம்ப்ப பாக்கணும்னு வரிசையா எழுதுங்க, ரெண்டு ஃபோட்டோவும் போடுங்க. யூஆர்எல்ல, அதாவது பேஜோட அட்ரஸ மட்டும் தொடாதீங்க.

ஒரே கேள்விக்கு ரெண்டு மூணு பேஜ் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நின்னா, நல்லதா ஒண்ண வெச்சு மத்ததுல இருக்கிற நல்ல பகுதிய அதுல சேத்துட்டு 301 ரீடைரக்ட் (பழைய அட்ரஸுக்கு வர்றவங்கள நிரந்தரமா புது பேஜுக்கு அனுப்புறது) போடுங்க, ரீடைரக்ட ஒரு வருஷத்துக்காவது எடுக்காதீங்க. இதுக்கெல்லாம் அப்புறமும் யாருக்கும் உதவாதுன்னு தெரியுறத டெலீட் பண்ணிக்கலாம். 404, அதாவது "பேஜ் இல்ல"ன்னு வந்தா சைட்டுக்கே ஆபத்துன்னு பயப்பட வேணாம்.

ஏஐ வெச்சு எழுதினா கூகுள் தண்டிக்குமா?

எதால எழுதுனீங்கங்கிறது மேட்டர் இல்லன்னு 2023 பிப்ரவரியிலயே சொல்லிட்டாங்க. ஆனா 2024 மார்ச் ஸ்பேம் பாலிசியில, ரேங்குக்காக மட்டும் கும்பல் கும்பலா பேஜ் உருவாக்குறது தப்புன்னு வெச்சிருக்காங்க, அது மனுஷன் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் ஒண்ணு தான். டிராஃப்ட்டுக்கு தாராளமா யூஸ் பண்ணுங்க. ஆனா அந்த வேலைய கையால செஞ்சு பாத்தவருக்கு மட்டுமே தெரியுற ஒரு விஷயமாவது உங்க பேஜ்ல இருக்கான்னு பாருங்க. அந்த ஹேர்பின் மாதிரி. இல்லன்னா அதே பேஜ் வேற ஆயிரம் சைட்லயும் இருக்கும், உங்கள எதுக்கு மேல வைக்கணும்?

மெட்டா கீவேர்ட்ஸ் டேக்ல (பேஜோட கோடுக்குள்ள தேடல் வார்த்தைங்கள எழுதி வைக்கிற எடம்) எத்தன வார்த்தை போடணும்?

சுழியம். 2009லயே கூகுள் அத ரேங்கிங்குக்கு பாக்குறதில்லன்னு அறிவிச்சாச்சு.

சர்ச் கன்சோல்ல "கிரால்டு - கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு"ன்னு நெறைய பேஜுக்கு வருது. தினமும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் அமுக்கிட்டே இருக்கேன்...

அமுக்குறத நிறுத்துங்க, ஒரே யூஆர்எல்ல திரும்ப திரும்ப குடுத்தா வரிசையில முன்னாடி போயிடாது. அந்த மெசேஜுக்கு, கூகுள் வந்து படிச்சுட்டு தன்னோட தேடல் பட்டியல்ல (இண்டெக்ஸ்) சேக்காம "இப்போதைக்கு வேணாம்"னு வெச்சிருக்குன்னு அர்த்தம். அந்த பேஜுக்கு உங்க சைட்டோட மத்த பேஜ்லேர்ந்து லிங்க் இருக்கான்னு பாருங்க, அப்புறம் அதே விஷயத்த ஏற்கனவே வேற பேஜ்ல சொல்லிட்டீங்களான்னு பாருங்க, ரெண்டுல ஒண்ணு காரணமா இருக்கலாம்.

ஒரே மாசத்துல முதல் பக்கம் கேரண்டின்னு ஒருத்தர் பணம் கேக்குறார். குடுக்கலாமா?

குடுக்காதீங்க. கூகுள்ல முதல் எடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. நீங்க செஞ்ச வேலையோட பலன் தெரியவே பொதுவா நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரை ஆகும். அவர் மத்த சைட்டுங்கள்லேர்ந்து காசு குடுத்து லிங்க் வாங்கி ஏத்துற ஆளா இருந்தா அது ஸ்பேம் பாலிசிக்கு எதிரானது, மாட்டுனா சிக்கல் உங்க டொமைனுக்கு தான், அவருக்கு இல்ல. அந்த காச ஒரு நல்ல எழுத்தாளருக்கோ இல்ல விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்குக்கோ குடுத்து பழைய பேஜ்ல பத்த சரி பண்ண சொல்லுங்க.